பழைய ஏஎம்டி கார் கிட்கள்: பிரித்துத் திரும்பக் கட்டுவது எப்படி, எதில் கை வைக்கக் கூடாது?

மெர்க்_கனவு

வணக்கம் நண்பர்களே. நான் இருப்பது டெட்ராய்ட்டுக்குக் கொஞ்சம் வடக்கே. இங்கே ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய பிளாஸ்டிக் மாடல் கார்கள் வாங்கினேன். யாரோ ஒரு பையன் அறுபதுகளில் ஒட்டிப் பெயிண்ட் அடித்தவை போலத் தெரிகிறது. கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் தொகுப்பு) வந்த டப்பா இல்லை, விளக்கத்தாளும் இல்லை. பாதிக்கு மேல் உடைந்த துண்டுகள்தான், ஆனால் இரண்டு கார்கள் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன.

ஒன்று 1949 மெர்க்குரி, இரண்டு கதவு கூப்பே. கூரை, தூண் எல்லாம் முழுசாக இருக்கிறது. தூரிகையால் சிவப்பு பெயிண்டைக் கெட்டியாகப் பூசியிருக்கிறார்கள். முன் கண்ணாடியில் பசை விரல்ரேகை, பம்பர் கோணலாக ஒட்டியிருக்கிறது. இன்னொன்று ஃபோர்டு தண்டர்பேர்டு, முன்மூக்கு கூர்மையாக இருக்கும் அந்த வடிவம். இதில் பின்பக்கம் முழுக்கப் புட்டி வைத்து விளக்குகளையே மாற்றிச் செய்திருக்கிறார்கள், பெயிண்ட் வெளிர்நீலம். இரண்டிலும் டயர் சக்கரத்தோடு உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. க்ரோம் பாகங்கள் மங்கிவிட்டன.

டாமியா கம்பெனி கிட் புதிதாக வாங்கிக் கட்டிய பழக்கம் எனக்கு உண்டு, ஆனால் ஏற்கெனவே ஒட்டியதைப் பிரித்ததில்லை. பசை விட்டுப்போக என்ன வழி? பெயிண்டை எதில் ஊறவைப்பது? மெர்க்குரியின் கூரையை வெட்டி இறக்கி, ஐம்பதுகளின் கலிஃபோர்னியா கஸ்டம் கார் (சொந்த ரசனைக்கு மாற்றிய கார்) மாதிரி செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இது பழைய பொருள், வெட்டலாமா என்று தயக்கமாகவும் இருக்கிறது. தண்டர்பேர்டை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_அச்சு

வாழ்த்துகள் தம்பி, நல்ல பெட்டி கிடைத்திருக்கிறது. நான் டொராண்டோவில் இருக்கிறேன், இந்த வகைக் கிட்களைத்தான் அதிகம் சேர்க்கிறேன். எதையும் ஊறவைக்கும் முன்னால் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், அதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் இருக்கும் இடம்தான் இந்தக் கிட்களின் பிறந்த ஊர். கிட் கம்பெனிகளில் ஏஎம்டி பக்கத்து ஊரான டிராயில் இருந்தது, எம்பிசி மவுண்ட் கிளெமென்ஸில், ஜோ-ஹான் டெட்ராய்ட்டிலேயே. அதற்குக் காரணம் கார் கம்பெனிகள் பக்கத்திலேயே இருந்ததுதான். ஷோரூமில் வைக்கவும் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவும் டீலர்களுக்குச் சின்னக் கார்கள் தேவைப்பட்டன. ஏஎம்டி 1948-ல் அலுமினியத்தில் ஃபோர்டு கார் வார்த்துத் தொடங்கிய கம்பெனி, பெயரில் உள்ள முதல் எழுத்தே அலுமினியம்தான். அப்புறம் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அந்த டீலர் மாடலுக்குச் செய்த அச்சையே வைத்து 1958-ல் ஒட்டிக் கட்டும் கிட்டாக விற்றார்கள், ஒரே டப்பாவில் மூன்று விதமாகக் கட்டலாம்: கம்பெனியில் வந்தபடி, கஸ்டமாக, இல்லை ரேஸ் காராக. 1/25 அளவு, அதாவது நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அந்த மாதிரி வருடா வருடம் புது மாடல் காருக்கு வந்த கிட்டைத்தான் நாங்கள் ஆண்டுக் கிட் என்கிறோம்.

உங்கள் இரண்டு காருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. ஆண்டுக் கிட்டின் எஃகு அச்சைப் பத்திரமாக எடுத்து வைக்கவில்லை. அடுத்த வருடம் நிஜக் காரில் கிரில் மாறினால் அதே அச்சில் கிரில்லை மாற்றி வெட்டுவார்கள், பின்விளக்கு மாறினால் அதையும் வெட்டுவார்கள். சில பாடிகளின் அச்சை ரேஸ் காராகவே திருத்திவிட்டார்கள். ஒரு தடவை எஃகை வெட்டிவிட்டால் பழைய வடிவம் திரும்பாது. அதனால்தான் பல ஆண்டுக் கிட்களை இன்றைக்கு யார் நினைத்தாலும் அப்படியே மறுபடி அச்சிட முடிவதில்லை. புதிதாக அச்சு செய்தால்தான் உண்டு, அதற்குப் பணம் நிறைய ஆகும். 1949 மெர்க்குரி அப்படி இல்லை. அது அறுபதுகளிலேயே ஒரு பழைய காரின் கிட்டாக வந்தது, வருடா வருடம் மாற்ற வேண்டிய தேவை இல்லை, அச்சு பிழைத்துக்கொண்டது. ஏஎம்டி கைமாறிக் கைமாறி இப்போது ரவுண்ட் டூ என்ற கம்பெனியிடம் இருக்கும் வரைக்கும் அந்த மெர்க்குரி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதைத் தைரியமாக வெட்டுங்கள், உலகத்துக்கு ஒரு இழப்பும் இல்லை.

தண்டர்பேர்டு எந்த வருடம் என்று பாருங்கள். கூர்மூக்கு வடிவம் 1961 முதல் 1963 வரை. முன் சக்கரத்துக்கு மேலிருந்து ஒரு மடிப்புக் கோடு ஓடிவந்து கதவில் சரிந்து முடிந்தால் அது 1963. அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். அடிப்பாகம் முழுக்க ஒரே தட்டாக இருக்கிறதா, திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா, சக்கரத்தின் கம்பி இன்ஜின் வழியாகவே நுழைந்து போகிறதா என்று தெரியவேண்டும்.

இன்னொன்று, எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதி செய்யுங்கள். கிட்கள் எல்லாம் ஸ்டைரீன்தான். ஆனால் 1960 வாக்கில் வரை வந்த டீலர் மாடல்கள் பலவும் செல்லுலோஸ் அசிடேட், அவை தானாகவே வளைந்து முறுக்கிக்கொள்ளும். கூரை தொய்ந்து நடுவில் குழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அசிடேட்டைக் காரமான சுத்தம் செய்யும் திரவத்தில் போட்டால் பிளாஸ்டிக்கே சிதைந்துவிடும்.

அடையாறு_ஸ்கேல்

அண்ணன் அடையாளம் காண்பதைச் சொல்லிவிட்டார், நான் பிரிப்பதைச் சொல்கிறேன்.

கிட் பசை வெறும் கோந்து கிடையாது. அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாகச் சேர்த்துவிடும், காய்ந்த பிறகு அங்கே பசை என்று தனியாக ஒன்றும் இருக்காது. அப்படி ஒழுங்காகச் சேர்ந்த இடத்தை எந்த மருந்தும் பிரிக்காது, ரம்பம்தான். ஆனால் அந்தக் காலத்துப் பையன்கள் ஒழுங்காக ஒட்டவில்லை, அதுதான் நமக்கு வசதி. டியூபிலிருந்து கெட்டியாகப் பிதுக்கி வைத்தார்கள், பெயிண்ட் அடித்த இடத்தின் மேலும் க்ரோம் மேலும் அப்படியே ஒட்டினார்கள். பசை பெயிண்டைத்தான் பிடித்திருக்கும், பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்காது. அதனால் பம்பர், கிரில், சக்கரம் எல்லாம் சுலபமாக விட்டுவிடும். கஷ்டம் தருவது இன்ஜின் பாதிகளும் சேஸியும் (அடிச்சட்டம்)தான்.

முதலில் காரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் கெட்டிப் பசை மொறுமொறுப்பாகிவிடும். வெளியே எடுத்த உடனே, சூடு ஏறும் முன்னால், மழுங்கிய பட்டைக் கத்தியை இணைப்பில் நுழைத்து மெதுவாகத் திருப்பினால் டக்கென்று சத்தம் கேட்டு விட்டுப்போகும். ஆனால் குளிரில் பிளாஸ்டிக்கும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும், ஆகவே முன்கண்ணாடித் தூண் பக்கம் பாரம் விழாமல் பாடியைக் கீழ்ப்பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் வரவில்லையா, திரும்ப ஃப்ரீசர். அவசரப்பட்டு நெம்ப வேண்டாம்.

பெயிண்டுக்கு வருவோம். சென்னையில் எனக்குக் கிடைப்பது 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அப்புறம் டூவீலர் கடையில் டாட் 3 பிரேக் ஆயில். அக்ரிலிக் பெயிண்டுக்கு ஆல்கஹாலே போதும். அறுபதுகளின் எனாமலுக்கு அது பல நேரம் போதாது. நீங்கள் அமெரிக்காவில் இருப்பதால் பர்ப்பிள் பவர் வாங்கிவிடுங்கள், காஸ்டிக் சோடா சேர்ந்த டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவம்) அது. மூடியுள்ள டப்பாவில் பாடி முழுகும்படி ஊற்றி ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் எனாமல் தோல் மாதிரி உரியும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், தோலைப் புண்ணாக்கிவிடும். பிரேக் ஆயிலும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பழைய பிளாஸ்டிக் சிலவற்றை அது மொறுமொறுப்பாக்கிவிடும் என்பதால் வேறு வழி இல்லாத போதுதான் நான் எடுப்பேன். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பெயிண்டுக்கு முன்னால் பாடி கரைந்துவிடும்.

உரித்த பிறகு மிச்சத்தைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், தண்ணீர் போட்டே தேயுங்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, தூசு மூச்சில் போகக்கூடாது.

கண்ணாடிப் பாகங்களை முதலிலேயே பிரித்துத் தனியாக எடுத்துவிடுங்கள். பசை விரல்ரேகை மேலோட்டமாக இருந்தால் 1000, 1500, 2000 எண் தாள், அப்புறம் பாலிஷ் என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தே தெளிவாக்கலாம். ஆழமாகக் கரைந்திருந்தால் மெல்லிய தெளிவான ஷீட்டில் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். எப்படியும் மெர்க்குரியின் கூரையை இறக்கினால் பழைய கண்ணாடி பொருந்தப் போவதில்லை.

மூன்றில்_ஒன்று

எல்லோரும் உரிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து, தண்டர்பேர்டை மட்டும் சொல்கிறேன்: அதை உரிக்காதீர்கள்.

ஏன் என்றால், அந்தப் பின்பக்கத்துப் புட்டி வேலைதான் அந்தக் கிட்டின் உண்மையான நோக்கம். ஏஎம்டி அந்த நாட்களில் ஜார்ஜ் பாரிஸ், டாரில் ஸ்டார்பேர்ட், பில் குஷன்பெரி போன்ற நிஜக் கஸ்டம் கார் கலைஞர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டிருந்தது. விளக்கை மாற்று, கைப்பிடியை எடு, புட்டி போட்டு நிரப்பு என்று பையன்களை அவர்களே தூண்டிவிட்டார்கள். மாடல்களுக்குப் போட்டிகள் நடந்தன. ஜெனரல் மோட்டார்ஸே ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மேன்ஸ் கில்ட் என்று 1930-லிருந்து 1968 வரை பையன்களுக்காக ஒரு மாடல் போட்டி நடத்தியது, அதில் வந்தவர்களில் சிலர் பிறகு கார் வடிவமைப்பாளர்களாகவே ஆனார்கள். அப்படிப்பட்ட ஊரில், அந்த வருடங்களில், ஒரு பையன் உட்கார்ந்து புது வாகனத்தின் பின்பக்கத்தைத் தன் யோசனையில் மாற்றியிருக்கிறான். அதை உரித்துப் போட்டுக் கம்பெனியில் வந்தபடி மாற்றினால் உங்களிடம் இருப்பது இன்னொரு தண்டர்பேர்டு பாடி. அப்படியே விட்டால் அறுபதுகளில் ஒருவன் கையால் செய்த கஸ்டம். இரண்டாவதுதான் அரிது, ஏனென்றால் பெரும்பாலானவற்றைப் பையன்களே பட்டாசு வைத்து வெடித்துவிட்டார்கள், மிஞ்சியதை நம்மைப் போன்றவர்கள் உரித்துவிட்டோம்.

உடைந்த பாகங்களை ஒட்டுங்கள், அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், டயர் சக்கரத்தை உருக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பழைய_அச்சு

மேலே சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். அந்தப் பையனின் வேலை நன்றாக இருந்தால் விடலாம். ஆனால் பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புட்டி சும்மா அப்பியிருந்தால், வடிவமே யோசிக்காமல் துளையை அடைத்திருந்தால், அதற்கு அடியில் நல்ல பாடி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவதும் மரியாதைதான். படத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

உரிப்பதாக இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் புட்டியில் இருக்கும் கரைப்பான் அடியில் உள்ள பிளாஸ்டிக்கைத் தின்று மெலியவைத்திருக்கும். புட்டியை எடுத்துவிட்டால் அடியில் வழுவழுப்பான பாடி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் பாடி கோடுகளைத் தேய்த்தே எடுத்திருப்பார்கள், அதை மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

மெர்க்_கனவு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. படங்கள் போட்டிருக்கிறேன்.

தண்டர்பேர்டின் கதவில் அந்த மடிப்புக் கோடு இருக்கிறது, அப்படியென்றால் 1963. பின்பக்கத்தைக் கிட்டே பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. வட்ட விளக்குகளை அடைத்துவிட்டு, பம்பருக்கு மேலே குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் மெல்லிய கம்பிகளை வரிசையாக வைத்து விளக்கு மாதிரி செய்திருக்கிறான். கதவுக் கைப்பிடிகளையும் சுத்தமாக எடுத்திருக்கிறான். பெயிண்டில் தூசு இருக்கிறதே தவிர தூரிகைத் தடம் இல்லை. மூன்றில்_ஒன்று சொன்னதை இப்போது புரிந்துகொள்கிறேன், இதை உரிக்க மனம் வரவில்லை.

மெர்க்குரி இப்போது ஃப்ரீசரில். கூரையை எப்படி இறக்குவது என்று யாராவது விளக்க முடியுமா? எத்தனை மில்லிமீட்டர், எங்கே வெட்டுவது?

பழைய_அச்சு

படம் பார்த்தேன். என் சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன், அந்தப் பையனுக்குக் கண் இருந்திருக்கிறது. தொடாதீர்கள்.

தாழ்கூரை

சிங்கப்பூரிலிருந்து. கூரை வெட்டுவதுதான் என் பைத்தியம், அதனால் இதற்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும்.

1/25 அளவில் ஒரு வசதி இருக்கிறது. நிஜக் காரில் ஒரு அங்குலம் என்றால் கிட்டில் கிட்டத்தட்ட சரியாக ஒரு மில்லிமீட்டர். பழைய கஸ்டம் கார் பற்றிப் படிக்கும்போது நான்கு அங்குலம் இறக்கினார்கள் என்று இருந்தால் நீங்கள் நான்கு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும், கணக்கே தேவையில்லை.

மெர்க்குரியில் பலரும் தடுமாறும் இடம், கூரையை எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறக்குவது. அப்படிச் செய்தால் தொப்பி கவிழ்த்த மாதிரி இருக்கும். 1949 முதல் 1951 வரை வந்த மெர்க்குரியின் கூரை பின்னால் உயரமாக உருண்டு இறங்கும். அதனால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகமாக இறங்க வேண்டும், கூரை முன்னாலிருந்து பின்னால் வழிந்து டிக்கியில் சேர வேண்டும். ஜார்ஜ் பாரிஸின் அண்ணன் சாம் பாரிஸ் தன் சொந்த 1949 மெர்க்குரியில் செய்தது இதுதான், பிறகு ஹிரோஹாட்டா மெர்க் என்று புகழ்பெற்ற 1951 காரிலும் இதே ஓட்டம்தான் இருக்கிறது. அந்தக் கார்களின் பக்கவாட்டுப் படத்தைக் கிட்டின் அளவுக்கு அச்சிட்டு மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முன்தூணில் 4 மில்லிமீட்டர் என்று ஆரம்பியுங்கள், பின்பக்கம் எவ்வளவு என்பதைக் கண்தான் சொல்லும்.

வெட்டும் முன்னால் தூண்களைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை மூன்று நான்கு அடுக்கு ஒட்டுங்கள், அது ரம்பத்துக்கு வரம்பு. மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டைத்தான் எடுக்கப் போகிறீர்கள். மெல்லிய ரேசர் ரம்பம் போதும், அழுத்தாதீர்கள், அதன் எடையிலேயே போகட்டும். பின்கண்ணாடியைச் சுற்றி இருக்கும் சட்டத்தைக் கூரையோடு சேர்த்து எடுக்க வேண்டாம். அதைத் தனியாக அறுத்துப் பாடியிலேயே விடுங்கள், அப்புறம் அதன் மேல்விளிம்பை முன்னோக்கிச் சாய்த்தால் கண்ணாடியின் உயரத்தைக் குறைக்காமலே கூரை இறங்கும். மெர்க்குரிக்கு அந்த அழகைக் கொடுப்பதே இதுதான்.

கூரையை இறக்கிய உடனே முன்தூண் பொருந்தாது. பயப்படாதீர்கள், அது கணக்குதான். தூண்கள் சாய்வாக இருக்கின்றன, மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன. நடுவில் இருந்து ஒரு துண்டை எடுத்தால் மேல்பாதி கீழ்ப்பாதிக்கு உள்ளே தள்ளி நிற்கும். இரண்டு வழி. முன்தூணின் அடியில் பாதி ஆழம் ரம்பத்தால் கீறி, தூணையே பின்னால் சாய்ப்பது ஒன்று. கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து நடுவில் ஸ்டைரீன் பட்டை வைத்து நீளமாக்குவது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன், முன்கண்ணாடியின் சாய்வு கெடாது. வேலை கூடுதல்தான்.

தூண் இணைப்பில் வெறும் பசையை நம்பக்கூடாது. பழைய ஸ்டைரீன் தட்டினாலே உடையும். அரை மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளைக் கம்பியை ஊசி மாதிரி இறக்கி அதன் மேல் சூப்பர் க்ளூ. இடைவெளி நிரப்ப, பெட்டியில் இருக்கும் உடைந்த பாகங்களையே சின்னச் சின்னதாக வெட்டி மெல்லிய பசைக் குப்பியில் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது ஒரே கடினத்தில் தேயும். ஆனால் காய ஒரு வாரமாவது கொடுங்கள், ஏனென்றால் அதில் உள்ள கரைப்பான் போகப் போகச் சுருங்கும். சென்னை நண்பர்கள் டிங்கரிங் கடை என்.சி. புட்டியைப் பயன்படுத்துவார்கள். மெல்லிய கீறலுக்கு அது நல்லது, தடிமனாகப் போட்டால் பெயிண்ட் அடித்த பிறகு அமுங்கிக் கோடு தெரியும். பெரிய இடத்துக்கு இரண்டு பாகம் கலக்கும் புட்டிதான் சரி.

கதவுக் கோடுகளை மறக்காதீர்கள். புட்டியும் ப்ரைமரும் சேர்ந்து அவற்றை மூடிவிடும். வேலை தொடங்கும் முன்னாலேயே கைவேலைக் கத்தியின் 11-ஆம் எண் பிளேடின் முதுகால் எல்லாக் கோட்டையும் ஆழப்படுத்திவிடுங்கள்.

அடையாறு_ஸ்கேல்

தாழ்கூரை சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் எனக்கு எம்-சீல் நன்றாக வேலை செய்கிறது, சுருக்கமே இல்லை. ஆனால் அது ஸ்டைரீனைவிடக் கெட்டி, தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் முதலில் தேயும். ஆகவே இறுகும் முன்னாலேயே ஈரவிரலால் வழித்து வடிவம் கொடுத்துவிடுங்கள்.

டயர் விஷயம் யாரும் விளக்கவில்லை. பழைய டயர் வினைல். அதை மிருதுவாக வைக்க ஒரு எண்ணெய் மாதிரிப் பொருளைச் சேர்ப்பார்கள். வருடக்கணக்கில் அது கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீனை இளக்கிவிடுகிறது. சக்கரம் மட்டும் இல்லை, பெட்டியில் ஒரு டயர் கூரை மேல் விழுந்து கிடந்தால் கூரையிலும் பதிந்துவிடும். முதல் வேலையாக எல்லா டயரையும் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். தண்டர்பேர்டில் அதே டயரைத் திரும்ப மாட்ட வேண்டுமானால் சக்கரத்தின் விளிம்பில் பேர்-மெட்டல் ஃபாயில் (ஒட்டும் மெல்லிய உலோகத் தாள்) ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டுங்கள், பிளாஸ்டிக்கும் டயரும் நேரடியாகத் தொடாது.

க்ரோம் எப்படி: அது பிளாஸ்டிக் மேல் வார்னிஷ், அதன் மேல் வெற்றிடத்தில் ஏற்றிய அலுமினியப் படலம். வீட்டு ப்ளீச்சில் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே கரைந்துவிடும். அடியில் உள்ள வார்னிஷுக்கு அந்த டிகிரீசர். இரண்டையும் ஒரே டப்பாவில் கலக்க வேண்டாம், ஒன்று முடிந்து நன்றாகக் கழுவிய பிறகே அடுத்தது. ப்ளீச்சோடு அமோனியாவோ அமிலமோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும். மெர்க்குரி பம்பரை இப்படி உரித்து, அச்சுக் கோட்டைத் தேய்த்து, பளபளக் கறுப்பு அடித்து அதன் மேல் ஆல்கிளாட் என்ற க்ரோம் பெயிண்டைத் தெளித்தால் கம்பெனி க்ரோமைவிட மெலிதாக, நிஜமாக இருக்கும்.

மெர்க்_கனவு

ஒரு சின்னத் தகவலும் ஒரு கேள்வியும். ஃப்ரீசர் வேலை செய்தது, சேஸி, பம்பர், கிரில் எல்லாம் முழுசாக வந்துவிட்டன. டிகிரீசரில் சிவப்பு பெயிண்ட் உரிந்துவிட்டது, அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக். ஆனால் சுத்தமான வெள்ளை இல்லை, முழுக்க இளஞ்சிவப்புக் கறை ஏறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. நான் கீழே கரும்பச்சை, மேலே வெளிர்பச்சை என்று இரண்டு நிறம் அடிக்க நினைக்கிறேன். கறை மேலே வருமா?

பழைய_அச்சு

வரும், விட்டால் நிச்சயம் வரும். சிவப்புச் சாயம் பிளாஸ்டிக்குள் இறங்கிவிட்டது, லேக்கர் ப்ரைமரில் இருக்கும் கரைப்பான் அதை இழுத்து மேலே கொண்டுவந்துவிடும். வெளிர்பச்சை சில வாரத்தில் சாம்பல் மாதிரி ஆகிவிடும். சிவப்புப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த கிட்களிலும் இதே தொல்லைதான். தேய்த்துப் போக்க முயல வேண்டாம், பாடி விவரங்கள்தான் அழியும். ஷெல்லாக் வகை ப்ரைமர் ஹார்டுவேர் கடையில் ஸ்ப்ரேயாகக் கிடைக்கும், அதை மெல்லியதாக ஒரு கோட் அடித்து மூடுங்கள். இல்லை என்றால் வெள்ளிப் பெயிண்ட் ஒரு கோட். அதன் மேல் சாம்பல் ப்ரைமர். சேஸியிலும் அதே கறை இருந்தால் அதன் உள்பக்கத்தில் முதலில் அடித்து, மேலே வெளிர்பச்சையைப் பூசி, வெயில் படும் சன்னலில் வைத்துப் பாருங்கள். அது சுத்தமாக நின்றால் பாடிக்கு அதே வரிசை.

தாழ்கூரை

ப்ரைமர் அடிக்கும் முன்னால் கூரையை வெட்டுங்கள் தம்பி, பிறகு இல்லை. வெட்டிய இடமெல்லாம் புது வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும், அதற்கும் சேர்த்தே மூட வேண்டும். முன்தூணை அறுத்தவுடன் படம் போடுங்கள், பின்பக்கம் எவ்வளவு இறக்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.